கவனம்! அந்த நித்திரைக் குளிசை யாருக்கு எழுதியது?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பாமசிக்குப் போய், "நித்திரை வருகுதில்லை, ஏதாவது குளிசை தாங்கோ" என்று கேட்பவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். தயவுசெய்து வாங்குமுன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

டயஸிபாம், குளோனஸிபாம், அல்பிரஸோலாம் எல்லாம் வைத்தியரின் துண்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துகள். போன வருடத்துத் துண்டைக் காட்டி வாங்காதீர்கள். பக்கத்து பிளாட் அன்ரியிடம் இரண்டு கேட்டும் விழுங்காதீர்கள். இன்றிரவு போடும் டயஸிபாம் நாளை மறுநாளும் உடம்பில் நிற்கும். வயதானவர் விடியற்புறம் சலம் கழிக்க எழும்பித் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறிப்பது இப்படித்தான். சாராயத்தோடோ டிரமடோல் போன்ற வலிக் குளிசையோடோ சேர்ந்தால் மூச்சே மந்தமாகும். உடம்பு இவற்றுக்குப் பழகிவிடும் ஆபத்து இருப்பதால்தான், 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் தன் ஆகக் கடுமையான எச்சரிக்கையைப் புதுப்பித்தது.

பிரிட்டோன்தானே, தடிமன் குளிசைதானே என்று இரவிரவாகப் போடுபவர்களே, அதுவும் வேண்டாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது மனக்குழப்பத்தைக் கொண்டுவரலாம். புரொஸ்டேட் வீக்கம் உள்ள ஐயாமாருக்குச் சலம் அடைத்துவிடலாம்.

பாமசியில் குளிசைக்கு முன் கேள்விகள் வர வேண்டும். நித்திரையின்மையை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உலகெங்கும் பாவனையில் இருக்கிறது. மொத்தம் 28 புள்ளிகள். 15 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. சுவிட்சர்லாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் பாமசிகளிலேயே இப்படி நித்திரைக் கோளாறுகளைக் கேட்டறிந்து பார்த்திருக்கிறார்கள். இங்கும் ஏன் முடியாது? உங்கள் மருந்தெல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கக்கூடியவர் மருந்தாளர்தான். சலம் போவதற்கான குளிசையைப் பின்னேரம் போட்டால் இரவு முழுக்க எழும்ப வேண்டிவரும். பிரெட்னிசலோனை மாலையில் எடுத்தால் கண் மூடாது. குளிசையின் நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேட்டாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். பலத்த குறட்டையோடு இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா? அதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்கு நித்திரைக் குளிசை பெரும் ஆபத்து. கனடாவில் மாலையாகும்போது இங்கே விடியற்காலை. அந்த நேரத்தில் மகளின் வீடியோ அழைப்புக்காக விழித்திருக்கிற அம்மாவுக்குக் குளிசையைவிட அழைப்பு நேரத்தை மாற்றுவதுதான் மருந்து. பிள்ளைகளே, இதை யோசியுங்கள்.

வாரத்தில் குறைந்தது மூன்று இரவுகள், மூன்று மாதமாக நித்திரை இல்லையென்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் சிகிச்சையையே முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் சொன்னது.

இன்னொன்று, மிக முக்கியம். மாதக்கணக்காகக் குளிசை எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றிரவே நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். வைத்தியர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நித்திரை மட்டுமல்ல, வாழும் ஆசையும் போய்விட்டதென்றால் காத்திருக்க வேண்டாம், 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் எண்.