இடம் மாறிய முனைகள்

சென்ற கோடை விடுமுறையில் அப்பாவின் டிராக்டருக்குப் புதிய பேட்டரியை நானே மாட்டினேன். "படிக்கிற பிள்ளை, தெரியாமலா செய்வான்?" என்றார் அப்பா. நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறிவிட்டன, தீப்பொறி பறந்தது, பியூஸ் போயிற்று.

பியூஸை மாற்றி, முனைகளைத் திருத்தினேன். விளக்கு எரிந்தது; எஞ்சினும் ஓடியது. ஆயினும் இரண்டு நாளில் செல்ப் எடுக்கவில்லை. காரணம் யாது?

வேறொரு பேட்டரியால் கிளப்பி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 தான் காட்டியது. ஆல்டர்னேட்டரின் டயோடுகள் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். முனை மாறியதும் பேட்டரி மின்சாரம் அவற்றின் வழியே பெருகிப் பாய்ந்து கருக்கிவிட்டது. பல்புக்குத் திசை கிடையாது. அது எரிவதை நம்பலாகாது.

மூன்று நாள் உழவு வாடகை போயிற்று. அப்பா கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. நண்பர்களே, குறியைப் பார்த்த பின்பே ஸ்பானரை எடுங்கள்!