திடீரெனக் கால் ஓய்ந்த கோழியும் அதற்குரிய பராமரிப்பும்

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதியின் நீரால் வளம்பெறும் படவேடு, முற்காலத்தில் சம்புவராய மன்னர்களுக்குத் தலைநகராய் விளங்கிய ஊராகும். நெல், வாழை, மணிலாக்கொட்டை முதலியன இப்பக்கத்தில் பயிராகின்றன. சற்றுத் தொலைவிலுள்ள ஆரணியிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் பட்டு நெசவு பிரதான தொழிலாயிருக்கிறது. ஏர் பூட்டும் வீடாயினும் சரி, தறி போட்டிருக்கும் வீடாயினும் சரி, புழக்கடையில் நாலைந்து கோழிகள் மேயாத வீட்டைக் காண்பது அரிது. நாட்டுப் பெட்டை ஒன்று ஆண்டொன்றுக்குச் சுமார் 60 முதல் 80 முட்டைகள் வரையிலேயே இடுமாயினும், அதற்கென்று தனித்துத் தீனிச் செலவு அதிகம் இல்லாமையால், வருவதெல்லாம் பெரும்பாலும் ஆதாயமே. அவ்வருமானம் வீட்டுப் பெண்மக்களின் கையில் தங்குவதென்பதும், பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கும் அவசரத் தேவைக்கும் உதவுவதென்பதும் யாவரும் அறிந்ததே.

இத்தகைய கோழி, முதல் நாள் மாலை வரையில் நன்றாக மேய்ந்திருந்து, மறுநாட் காலையில் பஞ்சாரத்தை எடுக்கும்பொழுது எழுந்து நிற்க மாட்டாமல் ஒருபக்கமாய்ச் சாய்ந்து கிடப்பது உண்டு. அவ்வமயம் ஜனங்கள் சாதாரணமாகச் செய்யும் காரியம் இரண்டு. செத்துப்போவதற்கு முன் அறுத்துவிடுவது ஒன்று. கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவது மற்றொன்று. முதலாவதனால், பிழைக்கக்கூடிய கோழியும் வீணாகிறது. இரண்டாவதனாலோ, ஒரு வீட்டு வியாதி ஒன்பது ஊருக்குப் பரவுகிறது. ஆகையால் கால் ஓய்ந்த கோழியைக் கண்டதும் என்ன செய்தல் வேண்டும், எதைச் செய்யலாகாது என்பதைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் செய்யவேண்டியது

கால் ஓய்தல் என்பது தனியான ஒரு வியாதியன்று. பல காரணங்களால் உண்டாகும் ஓர் அடையாளமேயாகும். காரணம் தெரியும் வரையில் அதைத் தொத்து வியாதி என்றே எண்ணி நடந்துகொள்வது உசிதம். எனவே கோழியை உடனே மற்றவற்றினின்று பிரித்து, தனிக் கூடையிலோ பெட்டியிலோ வைத்தல் வேண்டும். அதற்கு வைக்கும் தண்ணீர்த் தட்டை மற்றக் கோழிகளுக்கு உபயோகிக்கலாகாது. நல்ல கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்த பின்னரே நோயுற்றதைத் தொடுவதும், பிறகு கைகால்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் வழக்கமாதல் நலம்.

பின்பு கோழியை வெளிச்சத்தில் மடிமீது வைத்துக்கொண்டு, உள்ளங்கால் தொடங்கிக் கொண்டை வரையில் பொறுமையாய்ச் சோதித்தல் வேண்டும். காலில் வீக்கமோ எலும்பு முறிவோ இருக்கிறதா, உள்ளங்காலில் கறுத்துக் கெட்டியான ஆணி கண்டிருக்கிறதா, விரல்களில் நூல் சுற்றியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். தறியுள்ள வீடுகளில் இந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. அறுந்த பட்டிழையும் ஜரிகைத் துண்டும் குப்பையில் கிடந்து, கிளறும் கோழியின் காலிற் சுற்றி, நாளடைவில் சதைக்குள் இறங்கி ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். இழை மெல்லியதாதலால் மேலுக்குத் தெரியாது. வெந்நீரில் காலை ஊறவைத்து, சிறு கத்தரியால் இழையை முற்றிலும் நீக்கி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் கலந்து தடவினால், நாள் கடவாத நிலையில் கால் தேறிவிடும்.

காரணங்களை அடையாளங் காணுதல்

வெள்ளைக் கழிச்சல்: கால் ஓய்தலோடு பச்சை அல்லது வெள்ளை நிறமான கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், இறக்கை தொங்குதல் ஆகியவை காணப்பட்டால், அது பெரும்பாலும் ராணிகெட் நோயாகும். 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்திலும் முதன்முதலாய்க் கண்டறியப்பட்ட இந்நோய், அதற்கு மறு வருஷமே இமயமலைச் சாரலிலுள்ள ராணிகெட் என்னும் ஊரில் காணப்பட்டமையால் நம் தேசத்தில் அப்பெயர் பெற்றது. இது வைரஸ் கிருமியால் உண்டாவது. வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. தப்பிப் பிழைக்கும் சில கோழிகளுக்கும் கழுத்துக் கோணலோ கால் முடமோ நின்றுவிடும்.

மாரெக் நோய்: ஒரு கால் முன்னும் மற்றொரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு கிடப்பதும், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து மாத வயதுள்ள விடலைக் கோழிகளுக்கு வருவதும் இதன் அடையாளங்கள். 1907-இல் ஹங்கேரி தேசத்துக் கால்நடை வைத்தியப் பேராசிரியர் ஜோஸப் மாரெக் இதை முதலில் விவரித்தார். இதற்கும் சிகிச்சை இல்லை. குஞ்சு பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசியே காப்பாகும்.

உண்ணி: பகலில் மரப் பிளவுகளிலும் சுவரிடுக்குகளிலும் ஒளிந்திருந்து இரவில் ரத்தங் குடிக்கும் கோழி உண்ணியின் குஞ்சுகள், இறக்கையின் அடியில் பல நாட்கள் ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. பார்வைக்கு ரத்தக் கட்டுப் போன்ற சிறு புள்ளிகளாய்த் தோன்றும். இவற்றாலும் கோழிக்குக் கால் ஓய்ந்துபோகும். இறக்கைகளை விரித்துப் பார்த்து, சாமணத்தால் ஒவ்வொன்றாய் எடுத்துத் தீயிலிடவேண்டும். கோழியை மட்டும் சுத்தஞ்செய்து கூண்டை அப்படியே விடுவது பயனற்ற வேலையாகும்.

முட்டை அடைப்பு: முட்டையிடும் பருவத்துப் பெட்டை, வால் தாழ்த்தி, அடிக்கடி முக்கிக்கொண்டு நிற்கமாட்டாமல் இருந்தால், வயிற்றின் அடியில் மெதுவாய்த் தடவிப் பார்க்க, முட்டை கையில் தட்டுப்படும். பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அடிப்பாகத்தைக் கால் மணி நேரம் அமிழ்த்தி, எச்சவாயில் நல்லெண்ணெய் தடவி, இருட்டான அமைதியுள்ள இடத்தில் விட்டால், பெரும்பாலும் முட்டை வெளிப்படும். அழுத்தி உடைக்க முயன்றால் ஓடு உள்ளே கிழித்துக் கோழி இறந்துபோகும்.

சுண்ணாம்புச் சத்துக் குறைவு: முட்டை ஒவ்வொன்றின் ஓட்டிலும் சுமார் 2 கிராம் கால்ஷியம் அடங்கியிருக்கிறது. தீனியில் அது போதாதபோது, பெட்டை தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கிறது. தோல்முட்டை இடுவது இதற்கு முன்னறிவிப்பாகும். வறுத்துப் பொடித்த முட்டையோடு, நத்தை ஓடு, கிளிஞ்சற் பொடி ஆகியவற்றைத் தனித் தட்டில் வைத்தால் கோழி வேண்டிய அளவு தானே தின்னும்.

விஷம்: மணிலாக்கொட்டை விதைப்புக் காலத்தில் மருந்து கலந்த விதைகளைப் பொறுக்கித் தின்ற கோழிக்கு எச்சில் ஒழுகுதல், நடுக்கம், கால் ஓய்தல் ஆகியவை உண்டாகலாம். செத்த பிராணிகளின் மீதுள்ள புழுக்களைத் தின்ற கோழிக்கோ, நடுக்கமின்றிக் கழுத்தும் காலும் துணிபோலத் துவண்டுவிடும். மருந்துப் பொட்டலத்தையும் உடனெடுத்துக்கொண்டு, தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோதல் வேண்டும்.

ஜாவாக் கோழிகளின் வரலாறு

கோழியின் கால் ஓய்தல் மனித உலகத்துக்கே பெரியதோர் உண்மையை உணர்த்திய வரலாறு இவ்விடத்தில் அறியத்தக்கது. சுமார் 1890-ஆம் ஆண்டில், ஜாவாவிலுள்ள பட்டேவியா நகரில், டச்சு வைத்தியரான கிறிஸ்டியான் ஐக்மன் என்பவர் பெரிபெரி என்னும் கால்முடக்கு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சிச் சாலைக் கோழிகளுக்கும் திடீரெனக் கால் ஓய்ந்து விழும் வியாதி கண்டது. கிருமியைத் தேடினார், அகப்படவில்லை. சில மாதங்கழித்து வியாதி தானே மறைந்தது. விசாரித்ததில், வியாதி இருந்த காலமெல்லாம் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டதென்றும், புதிதாய் வந்த சமையற்காரர், ராணுவத்தாருக்குரிய சோற்றை மற்றவர் கோழிக்குக் கொடுப்பதற்கில்லை என்று மறுத்தபின் வியாதி நீங்கியதென்றும் தெரியவந்தது. தவிடு சேர்த்துக் கொடுத்த கோழிகள் தேறின. அத் தவிட்டிலிருந்தே 1926-இல் ஜான்ஸன், டோனாத் என்னும் இருவர் பி1 ஜீவசத்தைப் பிரித்தெடுத்தனர். 1929-இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு அளிக்கப்பெற்றது.

ஆரணி, களம்பூர் முதலிய அரிசி ஆலை ஊர்களுக்கு அருகில் வசிக்கும் நமக்கு இதிலுள்ள பாடம் தெளிவானது. வெளியில் மேய்ந்து புழுவும் பூண்டும் தின்னும் கோழிக்கு இக்குறை வருவது அபூர்வம். ஆனால், கூண்டிலேயே அடைத்து, வெள்ளை நொய்யை மட்டுமே போட்டு வளர்க்கப்படும் கோழிக்கு வரக்கூடும். புழுங்கலரிசியில், நெல்லை அவிக்கும்போதே தவிட்டுச் சத்தின் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிடுவதால் கெடுதல் குறைவு. புதிய தவிட்டைத் தீனியில் கலந்து கொடுத்தால் இக்கவலை இல்லை. சிக்குநாற்றமடித்த பழந்தவிடு உதவாது.

பராமரிப்பு முறை

காரணம் எதுவாயினும், எழுந்திருக்க முடியாத கோழி பெரும்பாலும் வியாதியினால் மட்டும் சாவதில்லை. தாகத்தினாலும் பசியினாலும் சாகிறது. தண்ணீர் ஒரு முழம் தள்ளியிருந்தாலும் அதற்கு எட்டாது. ஆகையால் பின்வருவனவற்றை ஒழுங்காய்ச் செய்துவரவேண்டும்.

கூடையின் அடியில் சாக்கும் அதன்மேல் உலர்ந்த வைக்கோலும் கனமாய்ப் பரப்பி, நிழலும் காற்றும் உள்ள இடத்தில் வைக்கவேண்டும். இரவில் குளிர் தாக்காமல் மூடுவது அவசியம். எச்சம்பட்ட வைக்கோலைத் தினம் இருமுறை மாற்றி, எச்சவாயைச் சுற்றியுள்ள இறகை வெந்நீரில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். இல்லாவிடில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

தண்ணீரைத் தொண்டையில் ஊற்றலாகாது. மூச்சுக்குழலில் இறங்கிக் கோழி மாண்டுபோகும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாய் விட்டால் தானே விழுங்கும். இரண்டு மணிக்கொரு தரம் இவ்வாறு கொடுத்து, முதல் நாளில் சிறிது வெல்லம் கரைத்த நீரும் கொடுக்கலாம். கேழ்வரகுக் களி, புதிய தவிடு, வேகவைத்த முட்டை, பொடியாய் அரிந்த முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பிசைந்து, சுண்டைக்காயளவு உருண்டைகளாய்க் கொடுக்கவேண்டும். முன் கொடுத்த தீனி இரைப்பையை விட்டு இறங்கியதா என்று தடவிப் பார்த்த பின்னரே அடுத்ததைக் கொடுத்தல் வேண்டும்.

ஒரே பக்கமாய்க் கிடந்தால் மார்பெலும்பின் மேல் தோல் உரிந்து புண்ணாகும். ஆகவே நாலு மணிக்கொரு தரம் பக்கம் மாற்றி வைக்கவேண்டும். பழைய வேஷ்டித் துண்டில் கால்களுக்கு இரண்டு துளைகள் செய்து, கூடையின் விளிம்புகளில் தூளிபோல் கட்டி, பாதம் தரையில் படும்படி கால் மணி நேரம் நிறுத்திவைப்பதும் நல்லது. பி ஜீவசத்துத் திராவகம் மருந்தகத்தில் கிடைக்கும். வைத்தியர் சொல்லும் அளவில் தண்ணீரிற் கலந்து கொடுக்கலாம்.

இவ்வாறு ஐந்து நாள் செய்தால் நிலைமை விளங்கிவிடும். தானே தீனி பொறுக்குவதும், விரல்களால் பற்ற முயல்வதும் நற்குறிகள். கழுத்து முறுக்கும் கழிச்சலும் மிகுந்து, தீனியை மறுத்து மெலிந்துகொண்டே வருமாயின், வீணே துன்புறவிடாமல் வைத்தியரின் யோசனைப்படி முடித்துவிடுவதே கருணையாகும். அவ்வாறு நோயுற்றதை உண்ணாமல், ஆழமான குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். நாகநதியிலோ வாய்க்காலிலோ எறிவது ஊருக்கே தீங்கு செய்வதாகும்.

வருமுன் காத்தல்

ராணிகெட் நோய்க்குத் தடுப்பு மருந்து ஒன்றே காப்பு. குஞ்சு பிறந்த ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டு வார வயதில் இறக்கையில் ஊசியும் போடவேண்டும். இராணிப்பேட்டையில் 1932 முதல் நடைபெற்றுவரும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் நமக்கு அண்மையிலேயே உள்ளது. கால்நடைப் பராமரிப்புத் துறையார், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், கோழிக் கழிச்சல் நோய்க்கு இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். ஊசி நல்ல கோழிக்கே உரியது. வியாதி கண்டபின் போடுவதால் பயனில்லை.

சந்தையில் வாங்கிய கோழியையும், ஆடித் திருவிழாக் காலத்தில் உறவினர் கொண்டுவரும் கோழியையும் இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்தே மந்தையில் சேர்க்கவேண்டும். கூண்டின் இடுக்குகளை மண்ணால் பூசிச் சுண்ணாம்பு அடிப்பதும், விதை மருந்திட்ட கையோடு களத்தைப் பெருக்குவதும், கழிவு நூலைக் குப்பையில் எறியாமல் தனியே சேர்த்து வைப்பதும் காசு அதிகம் வேண்டாத காரியங்கள்.

கிராம நிர்வாக அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தெருவில் சில நாட்களுக்குள் பல கோழிகள் இறந்தால், அதனை வீட்டுச் சங்கதி என்று விட்டுவிடாமல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு அறிவித்தல் வேண்டும். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும். தடுப்பூசி முகாமின் தேதியை முன்னதாகவே தெரிவித்தால், விடியற்காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் வைத்திருக்க ஜனங்களுக்கு அவகாசம் கிடைக்கும். மாடு நோயுற்றால் ஊரே கூடி யோசனை சொல்லும். கோழி நோயுற்றால் கேட்பாரில்லை. மாடு வாங்க வகையில்லாத வீட்டுக்கு அந்த நாலு கோழிகளே செல்வம் என்பதை மனத்திற் கொண்டு, யாவரும் இவ்விஷயத்தில் சிரத்தை எடுத்துக்கொள்ளுதல் நலம்.