திக்கித் திக்கி ஓடும் பழைய வேன்

அடியோடு நின்றுபோன ஒரு மோட்டார் வண்டியைச் சீர்செய்வது அவ்வளவு கடினமான காரியமன்று. நேற்று மாலை ஏற்றத்தில் நாலைந்து தடவை திக்கி, உள்ளே இருப்பவர்களையெல்லாம் முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, இன்று காலை பட்டறை வாசலுக்கு வந்ததும் ஒரு குறையும் இல்லாததுபோல் ஓடிக்காட்டுகிற வண்டியைச் சீர்செய்வதுதான் கைதேர்ந்த மெக்கானிக்கையும் திணறவைக்கும் காரியம். இத்தகைய வண்டியின் சொந்தக்காரர் முதலில் பிளக்கை மாற்றுவார். பிறகு காயிலை மாற்றுவார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று பெட்ரோல் பம்பையும் மாற்றுவார். குலுக்கல் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். பாகங்களை மாற்றுவது வேறு, நோயை நிர்ணயிப்பது வேறு. வந்து மறையும் கோளாறு தன் இஷ்டத்துக்கு வந்து மறைவதில்லை. அதற்கு வேண்டிய உஷ்ணமும் பாரமும் ஈரமும் அதிர்வும் ஒன்றுகூடும்போது வருகிறது, அவை கலையும்போது போகிறது. ஆகவே தேடவேண்டியது கெட்டுப்போன பாகத்தையல்ல, அந்தப் பாகம் தவறும் சந்தர்ப்பத்தை என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

நம் தெருக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி ஆம்னியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1984-இல் வெறும் ‘வேன்’ என்ற பெயரோடு வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நிற்கும் வரையில் பள்ளிக் குழந்தைகளையும் நோயாளிகளையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்த அந்த வண்டியில், 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் முன் இருக்கைகளின் அடியில் அடங்கியிருக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை வெடிக்கும்; நிமிஷத்துக்கு 3000 சுழற்சி என்றால், ஒரு சிலிண்டருக்கு வினாடிக்கு 25 வெடிப்பு, மூன்றுக்கும் சேர்த்து 75. ஒரே உரலில் மூன்று பெண்கள் மாறி மாறி உலக்கை போடும்போது ஒருத்தியின் கை தவறினால் அந்தத் தாளம் எப்படி உடைகிறதோ அப்படியே, மூன்றில் ஒரு வெடிப்பு தவறினாலும் சக்தியில் மூன்றிலொரு பங்கு அந்தக் கணத்தில் இல்லாமற்போய், வண்டி முழுவதும் உதறுகிறது. ஆறு சிலிண்டர் எஞ்சினில் இலேசான நடுக்கமாகத் தெரிவது இங்கே முதுகெலும்பில் தெரியும்.

ஆனால் குலுக்கல் எல்லாமே எஞ்சினிலிருந்து வருவதென்று கொள்ளலாகாது. ஆம்னியில் எஞ்சின் முன்னே, சக்தி போய்ச் சேர்வது பின் சக்கரங்களுக்கு. நடுவில் கிளட்ச், கியர்பெட்டி, நீண்ட தண்டு, அதன் மூட்டுகள் என்று தேயக்கூடிய சங்கதிகள் பல உண்டு. இதைப் பிரித்தறிய ஒரு பரீட்சை போதும். குலுக்கல் வரும் வேகத்திலேயே வண்டியை வைத்துக்கொண்டு கியரை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். எஞ்சினின் சுழற்சி மாறியவுடன் குலுக்கலின் தாளமும் மாறினால் குற்றம் எஞ்சின் பக்கத்தில். வண்டியின் வேகத்தையே பற்றிக்கொண்டு தாளம் மாறாதிருந்தால் தண்டு, மூட்டு, சக்கரம் ஆகியவற்றின் பக்கத்தில். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் வருகிற உதறல் பெரும்பாலும் கிளட்சையோ எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டையோ சேர்ந்தது. இவ்வளவையும் ஒரு பைசா செலவில்லாமல் அறிந்துகொள்ளலாம்.

எஞ்சின்தான் என்று முடிவானபின் முதலில் சந்தேகிக்கத் தக்கது தீப்பொறி. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரையில் சமதரையில் சாதுவாக ஓடிய வண்டி, அங்கிருந்து குன்னூர் ஏற்றம் தொடங்கியதும் திக்குவதற்கு அடிப்படையான ஒரு பௌதிக விதி உண்டு. இரண்டு உலோக முனைகளுக்கு இடையே பொறி பாய்வதற்கு வேண்டிய மின்னழுத்தம், இடையிலுள்ள வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் அகலத்தையும் பெருக்கிவரும் அளவைப் பொறுத்தது என்று 1889-இல் ஜெர்மானிய விஞ்ஞானி பிரீட்ரிக் பாஷென் கண்டார். சமதரையில் ஆக்சிலேட்டரை இலேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைவு, ஆகவே அழுத்தமும் குறைவு, பொறி எளிதில் பாய்கிறது. ஏற்றத்தில் முழுதும் மிதிக்கும்போதோ உள்ளே காற்று நிறைந்து, அதே பிளக்குக்கு அதிகமான வோல்டேஜ் தேவைப்படுகிறது. புதிதில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்த பிளக்கின் இடைவெளி நாளடைவில் தேய்ந்து அகன்றிருந்தால் தேவை இன்னும் உயர்கிறது. காயிலால் அவ்வளவு கொடுக்க முடியாதபோது, அல்லது கொடுத்ததைப் பழைய பிளக் ஒயரின் வெடிப்பு எஞ்சின் உடம்புக்குள் கசியவிடும்போது, பொறி தவறுகிறது. மழைக்கால விடியலில் திக்கி, எஞ்சின் சூடேறியதும் சரியாகிவிடும் வண்டியில் குற்றவாளி பெரும்பாலும் இந்த ஒயரோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோதான். மேலே படிந்த ஈரம் மின்சாரத்துக்கு வேறு வழி காட்டிவிடுகிறது. இருட்டான இடத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கையைத் தூக்கி, ஓடும் எஞ்சினைக் கை வைக்காமல் பார்த்தால், கசிகிற இடத்தில் நீல ஒளி மினுக்கும். பட்டறைகளில் அனுபவஸ்தர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் இந்தப் பிரத்யட்ச பரீட்சையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு நேர்மாறாக, குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, அரை மணி நேரத்துக்குப் பின் திக்கத் தொடங்கி, நிறுத்தி ஆறவைத்தால் மீண்டும் நன்றாக ஓடும் வண்டிகள் உண்டு. உஷ்ணத்தில் உலோகம் விரிகிறது. காயிலுக்குள் மயிரிழை போன்ற கம்பியில் விழுந்த முறிவு, குளிர்ச்சியில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் விலகியும் நிற்கிறது. முறிவே இல்லாத காயிலிலும், செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் நூற்றில் ஏறக்குறைய 0.4 பங்கு கூடுவதால், 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறியபோது தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பொறிக்குக் கிடைக்கும் சக்தி அதனால் சுருங்குகிறது. ரிலேயின் ஈயப் பற்றில் விழுந்த வெடிப்பும், எஞ்சினின் சுழற்சியைக் கவனிக்கும் சென்சாரும் இதே ஸ்வபாவமுடையவை. பட்டறையில் ஆறிக் கிடந்த வண்டியை ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதில் பயனில்லாமற்போவது இதனால்தான். சந்தேகப்படும் பாகத்தை மட்டும் தலை உலர்த்தும் கருவியால் சூடேற்றி, குலுக்கலை நாமே வரவழைப்பது இதற்கேற்ற உபாயம்.

பெட்ரோல் சரிவரக் கிடைக்காததால் வரும் தடுமாற்றம் குணத்தில் வேறு. பொறி தவறினால் சுரீரென்று வெட்டி இழுக்கும். பெட்ரோல் குறைந்தால் பெரும்பாலும் வண்டி சோர்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி எழும். அடைத்துக்கொண்ட ஃபில்டர், மெதுவாக ஓட்டும்போது வேண்டிய அளவைக் கொடுத்துவிட்டு, வேகம் கேட்கும்போது கைவிரிக்கும். கார்புரேட்டர் உள்ள பழைய ஆம்னியில் கோடை வெயிலோடு எஞ்சின் சூடும் சேரும்போது, சுமார் 40 பாகையிலேயே ஆவியாகத் தொடங்கும் பெட்ரோலின் இலேசான பகுதிகள் குழாய்க்குள் குமிழியாகி வழியை அடைத்துவிடுவதும் உண்டு. இப்போது விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பண்புடையது, தண்ணீர் அளவு மீறினால் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி கிளம்பியதும் திக்குமானால் தொட்டியின் அடியைப் பார்ப்பதும், பழைய ரப்பர் குழாய்களைச் சோதிப்பதும் அவசியம்.

காற்றுப் பக்கத்துக் குறைகளையும் எஞ்சிய சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெடித்த வாக்யூம் குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைந்தால், உறிஞ்சும் விசை மிகுந்திருக்கும் ஐட்லிங்கில் தொல்லை அதிகம், வேகத்தில் குறைவு. பெடலின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் குலுக்கினால், எரிபொருளைப் பீச்சும் பிற்கால வண்டிகளில், த்ராட்டில் சென்சாரின் உள்தடம் அந்த இடத்தில் தேய்ந்திருக்கக்கூடும். ஹெட்லைட்டைப் போட்டதும் திக்கினால் எர்த் ஒயரின் இறுக்கத்தைப் பார்க்கவேண்டும்.

நம் தர்க்க சாஸ்திரத்தில் அன்வயம், வியதிரேகம் என்று இரண்டு உண்டு: ஒன்று இருக்குமிடத்தில் மற்றொன்றும் இருப்பது, ஒன்று இல்லாத இடத்தில் மற்றொன்றும் இல்லாதிருப்பது, இரண்டும் கூடினால்தான் காரண காரிய சம்பந்தம் நிலைபெறும். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் வெளியிட்ட தம் தர்க்க நூலில் ஏறத்தாழ இதே முறையைத்தான் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு வகுத்தார். வண்டிக்கும் இதுவே பொருந்தும். முதல் சிலிண்டர்தான் தவறுகிறது என்று தெரிந்தால், எஞ்சினை நிறுத்தி, அதன் பிளக்கை இரண்டாவதற்கும் இரண்டாவதன் பிளக்கை முதலாவதற்கும் மாற்றவேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக் நிரபராதி. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது இதில் விலக்கில்லாத நியமம். மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி சரியானாலும், எது காரணமென்று தெரியாமலே பணம் கொடுத்தவர்களாகிறோம். ஒயரைத் தொட்டு அசைத்ததில் தற்காலிகமாகச் சரியாகியிருந்தால் அடுத்த மாதம் அதே குலுக்கல் திரும்பும்.

ஸ்கேனரைச் செருகினால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுக்க நியாயமன்று. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமான சுயபரிசோதனை முறையில், கிராங்க் தண்டின் சுழற்சி ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையே எவ்வளவு தளர்கிறதென்று அளந்து, எந்தச் சிலிண்டர் தவறுகிறதென்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. அது அருமையான உதவிதான். ஆனால் அது சொல்வது தவறிய சிலிண்டரின் எண்ணை. ஏன் தவறிற்று என்பதை மனிதன்தான் அனுமானிக்கவேண்டும். கார்புரேட்டர் ஆம்னிக்கு அந்த உதவியும் கிடையாது. அங்கே முதல் சாட்சி தினமும் ஓட்டுகிறவரே. குலுக்கல் வந்தபோது எஞ்சின் சூடா குளிர்ச்சியா, ஏற்றமா சமதரையா, எந்தக் கியர், மழையா வெயிலா, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வருகிறவரின் வண்டியில் பாதி வேலை பட்டறைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது.

குலுக்கலைச் சீர்செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. கேடலிடிக் கன்வெர்ட்டர் பொருத்திய வண்டியில், வெடிக்காத சிலிண்டரிலிருந்து வெளியேறும் பச்சைப் பெட்ரோல் அங்கே போய் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கான் கூட்டையே உருக்கிவிடக்கூடும். சில நூறு ரூபாய்ப் பிளக்கைக் கவனியாததற்கு அநேக ஆயிரம் ரூபாய் தண்டனை. அதைவிடப் பெரிது உயிர். ஆம்னியில் எஞ்சின் நாம் உட்காரும் இடத்துக்கு அடியிலேயே இருக்கிறது. குலுக்கலோடு பெட்ரோல் வாசனையும் வந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருப்பி அணைத்து, குழந்தைகளை முதலில் இறக்கிவிடுங்கள். கசியும் குழாயைக் கண்டு மாற்றும் வரையில் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.