கட்டற்ற மென்பொருள் அறிவோம் – 14: ஊர்ப்பெயரைத் திருத்தும் செட்

மும்பை சயானில் உள்ள ஒரு தமிழ் அமைப்பு, தன் பழைய உறுப்பினர் கையேடுகளைத் தட்டச்சு செய்து ஒரே கோப்பாக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், முகவரி, வேலை பார்த்த இடம், ஊருக்கு வந்த கதை எல்லாம் வரிக்கு ஒருவராக இருக்கின்றன. 1995க்கு முந்தைய பதிவுகளில் ‘பம்பாய்’, பிந்தையவற்றில் ‘மும்பை’. சிலர் ‘சயான்’ என்றும் சிலர் ‘சியான்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். தேடினால் பாதிப் பேர் அகப்பட மாட்டார்கள்.

இந்த மாதிரி வேலைக்குத்தான் ‘செட்’ என்ற கருவி இருக்கிறது. 1973-74இல் பெல் ஆய்வகத்தில் லீ மக்மேகன் உருவாக்கியது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் அதன் குனு பதிப்பு முன்கூட்டியே இருக்கும். காசு கிடையாது, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. செட் கோப்பைத் திரையில் விரிப்பதில்லை. ஒரு வரியைப் படிக்கும், நாம் சொன்ன விதிகளை வரிசையாகச் செலுத்தும், வெளியே தள்ளும், அடுத்த வரிக்குப் போகும். அதனால் கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அது திணறாது.

எஸ்/பம்பாய்/மும்பை/ஜி. அதிகம் புழங்கும் கட்டளை இதுதான். முதலெழுத்து ‘மாற்று’ என்கிறது. கடைசி எழுத்து ‘வரியில் எத்தனை முறை வந்தாலும்’ என்கிறது. கடைசி எழுத்தை விட்டுவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதல் ‘பம்பாய்’ மட்டுமே மாறும். இந்தக் கட்டளையால் ‘பம்பாய்க்கு’ என்பது ‘மும்பைக்கு’ என்று ஆகிவிடும். ஆனால் ‘பம்பாயில் குடியேறினார்’ என்ற வரி அப்படியே நிற்கும். அங்கே ய-வின் மேல் புள்ளி இல்லையே! செட்டுக்கு வேற்றுமை உருபு தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். எனவே இரண்டாவது விதி வேண்டும்: புள்ளியில்லாத ‘பம்பாய’ என்பதை ‘மும்பைய’ ஆக்கு. பம்பாயில், பம்பாயின் இரண்டும் சரியாகிவிடும். இரண்டு விதிகளையும் இடம் மாற்றிப் போட்டால் ‘மும்பைய்’ என்று ஒரு விநோதச் சொல் பிறக்கும். விதிகளின் வரிசையில் அவ்வளவு இருக்கிறது.

விலக்குகளும் உண்டு. நகரம் பெயர் மாறிய பிறகும் உயர் நீதிமன்றமும் பவாயிலுள்ள ஐஐடியும் ஆங்கிலத்தில் பம்பாய் என்ற பெயரையே அதிகாரபூர்வமாக வைத்திருக்கின்றன. மணிரத்னத்தின் 1995ஆம் ஆண்டுப் படமும் ‘பம்பாய்’தான். விதிக்கு முன்னால் ‘உயர் நீதிமன்ற’ என்று கொடுத்து ஆச்சரியக்குறி போட்டால், அந்தச் சொல் உள்ள வரிகளை செட் தொடாது. ‘சியான்’ எல்லாவற்றையும் ‘சயான்’ ஆக்குமுன்பும் யோசிக்க வேண்டும். குறிப்பில் நடிகர் சியான் விக்ரம் வந்தால் அவரும் சயான்காரர் ஆகிவிடுவார்.

‘மைனஸ் ஐ’ என்று கொடுத்தால் செட் மூலக்கோப்பின் மேலேயே எழுதிவிடும். அதோடு ஒட்டி ஒரு பின்னொட்டையும் கொடுங்கள்; பழைய கோப்பு அந்தப் பின்னொட்டுடன் பத்திரமாக இருக்கும். விதிகளைத் தனிக் கோப்பில் சேமித்தால் அடுத்த ஆண்டும் உதவும்.

எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம் என்ற தீர்ப்பை எந்தக் கருவியும் சொல்லாது. மாட்டுங்காவையும் தாராவி 90 அடி சாலையையும் அறிந்த நம் பிள்ளைகள்தான் சொல்ல முடியும். கணினி கற்ற இளைஞர்களே, உங்கள் பகுதித் தமிழ் அமைப்பின் பட்டியலை இந்த மாதமே கேட்டு வாங்குங்கள். முதலில் ஒரு நகல் எடுங்கள். பிறகு விதிகளை எழுதுங்கள்.

அடுத்த வாரம்: பட்டியலைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் கணக்கெடுக்கும் ‘ஆக்’.

(தொடரும்)