இருபது கிராமில் ஒரு வாழ்த்து

கார்த்திகை முடியும் தறுவாயில் எங்கள் வகுப்பறைகளில் கத்தரிக்கோல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கிறிஸ்து பிறப்புப் பெருவிழா, புத்தாண்டு, பொங்கல் என்று மூன்று விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன அல்லவா? ரிஷிவந்தியத்திலிருந்தும் சுற்றுப்பட்டுச் சிற்றூர்களிலிருந்தும் படிக்க வரும் எங்களில் பலருடைய அப்பாக்கள் பிழைப்புக்காக வெளியூரில் இருப்பவர்கள். கரும்பு வெட்டப் போனவர் உண்டு. பெங்களூரில் கட்டட வேலை செய்பவர் உண்டு. அவர்களுக்கு வாழ்த்து அனுப்புவது எங்களுக்கு விளையாட்டன்று. விழாவில் ஒரு பாதி.

சென்ற ஆண்டு நாங்கள் செய்த அட்டைகளை நினைத்தால் இன்றும் சிரிப்பும் வருகிறது. கொஞ்சம் வெட்கமும் வருகிறது. இரண்டு சார்ட் அட்டைகளைச் சேர்த்து ஒட்டினோம். அதன்மேல் தெர்மோகோலில் பனிமனிதன், கண்ணாடிச் சில்லு, ஜிகினாத் தூள், பொத்தான் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டினோம். பனி கொட்டாத ஊரிலிருந்து பனிமனிதன் புறப்பட்டான்! ஒரு கடிதத்திற்கு உரிய தபால் தலையை மட்டும் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டோம். எடை கூடுதலாக இருந்ததால், எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை, குறைந்த கட்டணத்தைப்போல் இரண்டு பங்கு கொடுத்து அந்த உறையை வாங்க வேண்டியதாயிற்று. தொலைபேசியில் அவர் கோபிக்கவில்லை. "பணம் போனால் போகட்டும் கண்ணு. உள்ளே நாலு வரி எழுதியிருக்கலாமே, எழுத இடமே இல்லையே" என்றாராம்.

அந்த ஒரு சொல் எங்களை யோசிக்க வைத்தது. ஆகவே இந்த ஆண்டு கைவினை வகுப்பில் சிஸ்டருடைய துணையோடு, எடை குறைந்ததும், செலவு குறைந்ததும், கடிதத்திற்கு இடம் விடுவதுமான வாழ்த்து அட்டையைச் செய்து பழகினோம். கற்றுக்கொண்டதைத் தோழியர் எல்லாருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

வாழ்த்து அட்டை வந்த கதை

இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு ஒரு பென்னி கட்டணத்தில் நாடு முழுவதும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. அதன்பின் கடிதங்கள் பெருகின. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், விழாக் காலத்தில் எல்லாருக்கும் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து அச்சிட்டார். ஆயிரம் அட்டைகள், விலை ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுவே. ஆகவே வாழ்த்து அட்டை பிறந்ததே கடிதம் எழுத முடியாத குறையை நிரப்புவதற்குத்தான்!

நம் நாட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைகளுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. நம் அம்மாக்கள் சிறுமியராக இருந்தபோது மார்கழி மாதத்தில் கடைவாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்டிருப்பார்களாம். கரும்பும் பொங்கல் பானையும், மாடும் கன்றும், சாமி படங்களும், திரைப்பட நடிகர்களும் அவற்றில் இருப்பார்கள். கைப்பேசி வந்தபின் அந்தக் கயிறுகள் அநேகமாய் மறைந்துவிட்டன. ஆனாலும் கையால் எழுதிய அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்; கைப்பேசிச் செய்தியை அப்படி வைத்துக்கொள்ள முடியுமா?

காகிதத்தை அறிவோம்

காகிதம் என்பது தாவர நார்களின் மெல்லிய படுகை. நாரை ஊறவைத்துக் கூழாக்கி, நீரில் கலக்கி, சல்லடையில் அள்ளி, அழுத்தி உலர்த்தினால் தாள் கிடைக்கிறது. எங்கள் கள்ளக்குறிச்சிப் பகுதி கரும்புக்குப் பெயர்பெற்றது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. சாறு பிழிந்தபின் எஞ்சும் சக்கையும் காகிதமாகும் என்பது பலருக்குத் தெரியாது. 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் புகழூரில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டே காகிதம் செய்யத் தொடங்கியது. நாம் எழுதும் தாளில் ஏதோ ஓர் ஊர்க் கரும்பு இருக்கக்கூடும்!

கையால் செய்யும் காகிதத்தைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் நடந்துவருகிறது. அங்கே மரத்தை வெட்டுவதில்லை. பருத்தித் துணித் துணுக்குகளே தாளாகின்றன. அழிந்துகொண்டிருந்த இக்கைத்தொழிலுக்கு ஊக்கம் தந்தது, காந்தியடிகள் 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம். அதன் செயலாளராக உழைத்தவர் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா. ஜெய்ப்பூரில் உள்ள தேசியக் கைக்காகித நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்னும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழிகிறது. மறுபக்கமாகக் கிழித்தால் கோணலாகப் போகிறது. அதற்குக் காரணம் இந்த இழையோட்டமே. இழையோட்டத்தின் வழியே மடித்தால் அட்டை அழகாக மடியும்; குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். கண்டுபிடிப்பது எளிது. அட்டையை மடிக்காமல் இரு கைகளாலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எப்பக்கம் இலகுவாக வளைகிறதோ அப்பக்கமே மடிப்பு வரவேண்டும்.

அட்டை செய்யும் முறை

கடையில் கிடைக்கும் சார்ட் அட்டை பொதுவாக 28 அங்குல நீளமும் 22 அங்குல அகலமும் உள்ளது. இதைத் துண்டு வீணாகாமல் எட்டு வாழ்த்து அட்டைகளாக்கலாம். இழையோட்டம் நீளவாக்கில் இருந்தால், 22 அங்குலத்தை இரண்டாகவும் 28 அங்குலத்தை நான்காகவும் பிரியுங்கள். 11-க்கு 7 அங்குலத்தில் எட்டுத் துண்டுகள் வரும். 11 அங்குலத்தை நடுவில் மடியுங்கள். இழையோட்டம் அகலவாக்கில் இருந்தால், 22 அங்குலத்தை நான்காகவும் 28 அங்குலத்தை இரண்டாகவும் பிரித்து, 14 அங்குலத்தை நடுவில் மடியுங்கள். எப்படி வெட்டினாலும், மடித்தபின் 7-க்கு ஐந்தரை அங்குலத்தில் ஓர் அட்டை கிடைக்கும்.

மடிக்கும்முன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மடிப்புக் கோட்டின்மேல் ஒருமுறை அழுத்திக் கோடு போடுங்கள். பின்பு மடித்தால் கடை அட்டைபோல் நேராக மடியும்.

வண்ணங்கள் நம் வீட்டிலேயே உண்டு

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் பெரும்பாலும் ஐந்து மூலை கொண்ட நட்சத்திரம் கிடைக்கும். அதை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் பெத்லகேம் நட்சத்திரம். வட்டமாக அடுக்கி ஒற்றினால் பொங்கல் கோலம்.

மஞ்சள் தூளைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்துத் தாளில் பூசி உலர்த்துங்கள். சிறிது சுண்ணாம்புத் தெளிநீரை ஈர்க்குச்சியால் தொட்டு அதன்மேல் வரைந்தால், கோடுகள் சிவப்பாக மாறும். ஆலத்தி நீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான். சுண்ணாம்பு கண்ணில் படக்கூடாது. சிறியவர்கள் பெரியவர்களுடன் இருந்தே செய்யவேண்டும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். ஆகையால் நிழலிலேயே உலர்த்துங்கள்.

எழுதுவதற்குக் கறுப்பு மை வேண்டுமே! கல்வராயன் மலையில் கிடைக்கும் கடுக்காய் அதற்கு உதவும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலை இடித்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, துருப்பிடித்த நான்கைந்து ஆணிகளை அதில் போட்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து நீர் கருத்துவிடும். வடிகட்டி, சிறிது கருவேலம் பிசினைக் கரைத்துக் கொண்டால் தொட்டு எழுதும் மை தயார். சீருடையில் பட்டால் கறை போகாது என்பதை எங்களில் இருவர் அனுபவத்தில் கண்டோம்!

உறையும் எடையும்

உறைக்கு 10 அங்குலச் சதுரத் தாள் ஒன்று போதும். சதுரத்தின் மூலை நம்மை நோக்கி இருக்கும்படி வைத்து, நடுவில் அட்டையைக் கிடையாக வையுங்கள். அட்டையைச் சுற்றி அரைக்கால் அங்குலம் இடம் விட்டு, முதலில் இடது வலது மூலைகளையும், பிறகு கீழ் மூலையையும் மடித்து, கீழ் மூலையைப் பக்க மூலைகளின்மேல் ஒட்டுங்கள். மேல் மூலை மூடியாகும். பசைக்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு, அது நஞ்சு. நாம் அன்றன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சிக்கொள்வதே நல்லது.

இப்போது கணக்குக்கு வருவோம். தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். 150 கிராம் வகைச் சார்ட் அட்டை முழுதும் ஏறக்குறைய 60 கிராம். எட்டில் ஒரு பங்கு ஏழரை கிராம். 70 கிராம் வகைத் தாளில் செய்த உறை நாலரை கிராம். இரண்டும் சேர்ந்து 12 கிராம். தபாலில் சாதாரணக் கடிதத்தின் முதல் எடைப்படி 20 கிராம். அப்படியானால் மீதி எட்டுக் கிராம் நம் கையில் இருக்கிறது. ஏ-4 அளவுள்ள எழுதுதாள் ஒன்று ஐந்து கிராமுக்கும் சற்றுக் குறைவுதான். ஒரு முழுத்தாள் கடிதத்தை உள்ளே வைத்தும் இன்னும் மூன்று கிராம் மிச்சம்! அறிவியல் ஆய்வுக்கூடத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது எங்கள் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வந்தது. பழைய அட்டை ஒன்றையும் நிறுத்தோம். அது 40 கிராமை நெருங்கியது. பொத்தானுக்கும் கண்ணாடிக்கும் கொடுத்த இடத்தைக் கடிதத்திற்குக் கொடுக்காமல் போனோமே என்று அப்போதுதான் உறைத்தது.

பரிசுப் பெட்டி

விழாவில் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் அக்காமாருக்கும், சத்துணவு சமைத்துத் தரும் அம்மாமாருக்கும் சிறு பரிசு கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்குப் பெட்டி செய்யும் முறை இது. 8 அங்குலச் சதுர அட்டையில் நான்கு ஓரங்களிலிருந்தும் 2 அங்குலம் உள்ளே கோடு போடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கோட்டை மட்டும் 2 அங்குலம் வெட்டி, ஓரங்களை நிமிர்த்தி, மூலைத் துண்டுகளை உட்புறம் ஒட்டினால் 4 அங்குலப் பெட்டி ஆகிவிடும். மூடிக்கு ஆறே அரைக்கால் அங்குலச் சதுரம். ஓரக்கோடு 1 அங்குலத்தில். மூடி அரைக்கால் அங்குலம் பெரிதாக இருப்பதால் இறுகாமல் பொருந்தும்.

மேலே சுற்றப் பழைய மாதக் காலண்டரின் வெள்ளைப் பின்புறம் சிறந்தது. பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இருமடங்காக்கி ஓர் அங்குலம் சேர்த்தால் சுற்றளவு. நீளத்தோடு உயரத்தையும் ஓர் அங்குலத்தையும் கூட்டினால் மற்றப் பக்கம். நம் பெட்டிக்கு 13-க்கு 7 அங்குலம் போதும். கட்டுவதற்கு நனைத்த வாழைநார்.

உள்ளே முறுக்கோ அதிரசமோ வைப்பதானால் செய்தித்தாளில் பொதியக்கூடாது. அச்சு மை உணவில் ஒட்டும். உணவுப் பொட்டலத்திற்குச் செய்தித்தாளைப் பயன்படுத்துவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடைசெய்துள்ளன. மந்தாரை இலையோ வாழைச்சருகோ விரித்து வையுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டன. 2022 ஜூலை 1 முதல் இனிப்புப் பெட்டிகள்மேலும் அழைப்பிதழ்கள்மேலும் சுற்றும் பிளாஸ்டிக் தாளும், அலங்காரத் தெர்மோகோலும் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. எங்கள் பனிமனிதனுக்குச் சட்டத்திலும் இடமில்லை!

தோழியரே! இந்த ஆண்டு நாங்கள் அனுப்பிய அட்டைகளில் கண்ணாடி இல்லை, பொத்தான் இல்லை. மஞ்சளில் ஒரு நட்சத்திரம்; கடுக்காய் மையில் ஒரு வாழ்த்து; உள்ளே ஒரு பக்கக் கடிதம். தம்பிக்குப் பல் விழுந்ததும், வெள்ளாடு இரண்டு குட்டி ஈன்றதும், கணக்கில் எழுபது மதிப்பெண் வாங்கியதும் அதில் இருந்தன. சென்ற ஆண்டு பணம் கொடுத்து உறையை வாங்கிய அந்தத் தந்தை, இம்முறை கடிதத்தை உடன் வேலை செய்பவர்களுக்கும் படித்துக் காட்டினாராம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் அட்டை வெட்டும்போது மேசையில் குப்பை சேரத்தான் செய்யும், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோழியரே, அட்டையின் எடையைக் குறையுங்கள். அதனுள் வைக்கும் சொல்லைக் கூட்டுங்கள். அனைவருக்கும் எங்கள் விழா வாழ்த்துகள்!