யாழுறுப்பும் கிற்றார் உறுப்பும்

பண்டித வகுப்பிலே யாழின் உறுப்புகளைக் கற்பிக்கும்போதெல்லாம் என் உள்ளத்தே ஒரு நாணம் எழுவதுண்டு. பத்தர், கோடு, மாடகம், திவவு, ஆணி, நரம்பு எனப் பெயர்களை அடுக்கிச் செல்வேன். பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்பேன். மாணாக்கரும் ஏட்டில் எழுதிக்கொள்வர். ஆயின், "ஐயா, கோடு எத்துணை நீளம்? பத்தர் எத்துணை ஆழம்?" என்று எவரேனும் வினவிவிட்டால் விடையிறுக்க வகையில்லை. பாணர் கையிலே தவழ்ந்த அக்கருவியை யானும் கண்டதில்லை. எனக்குக் கற்பித்தவரும் கண்டதில்லை.

அந்த நாணத்தை அண்மையிலே புதுப்பித்தது மேனாட்டு இசைக்கருவியொன்று. கட்டுகஸ்தோட்டையில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், "அப்பாவின் கிற்றாரைப் பழைய நிலைக்குக் கொண்டு வருகிறேன், ஐயா வந்து பார்க்க வேண்டும்" என்று அழைத்தார். சென்றேன். மேசைமீது விரித்த துணியிலே அக்கருவி உறுப்புவேறு உறுப்புவேறாகக் கிடந்தது.

அது மின்விசையால் ஒலிக்கும் பேஸ் கிற்றார். தடித்த நான்கு நரம்புகளால் இசைக்கு அடித்தளம் அமைப்பது. அவற்றுள் தடித்த நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிரும். மாணவரின் தந்தையார் 1970களிலே கண்டியிலும் அயலிலுள்ள தோட்டங்களிலும் மணவீடுகள்தோறும் இதனை வாசித்தவர். இன்று அவர் இல்லை. யப்பானிலே செய்யப்பட்ட இக்கருவிக்கு முன்மாதிரி அமெரிக்கக் கருவி ஒன்றாகும். நாளடைவிலே நரம்பு மாறிற்று, குதிரை மாறிற்று, காந்தச் சுருளும் மாறிற்று. "அப்பாவின் ஒலி என் காதிலே இருக்கிறது, ஐயா; கருவியிலேதான் இல்லை" என்றார் மாணவர்.

அம் முன்மாதிரியை ஆக்கியவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவிலே வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். அக்காலத்துப் பேஸ் ஆளுயரக் கருவி; மெட்டுகள் இல்லாமையால் விரல் சிறிது பிசகினும் சுருதி பிசகும். 1951 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருவிக்கு மெட்டுகள் இருந்தன. ஆதலின் துல்லியம் எனப் பொருள்படும் 'பிரிசிஷன்' என்னும் பெயர் பெற்றது. நரம்பு அதிரும் நீளம் 34 அங்குலம். தண்டியை உடலோடு பசையிட்டு ஒட்டாது திருகாணிகளாற் பிணைத்தார். பழுதுபார்ப்போன் துயரைப் பழுதுபார்ப்போனே அறிவான் அன்றோ! கழற்றலாம், மாற்றலாம், மீளப் பூட்டலாம். 1957 ஆம் ஆண்டிலே காந்தச் சுருளை இரண்டாகப் பகுத்து அமைத்தார். அந்த அமைப்பே இன்றளவும் நிலைத்துளது.

மாணவர் தருவித்திருந்தவை அவ்வாண்டுகளின் அளவிலே இன்று செய்யப்படும் உறுப்புகள். வளைத்த எஃகுத் தகட்டில் புரி வெட்டிய நான்கு உருளைகள் கொண்ட எளிய குதிரை. அலுமினியம், நிக்கல், கோபாற்று முதலியன கலந்த காந்தம் பொருந்திய சுருள். துணியுறை போர்த்த கம்பி. "துணியுறை ஒலியை மாற்றாது, ஐயா, கண்ணுக்காகத்தான்" என்று சிரித்தார். ஒலியைப் பெரிதும் மாற்றுவது நரம்பே என்றும் கூறினார். பிற்காலத்து நரம்பின்மேல் உருண்டைக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதன் ஒலி கணீரென்றிருக்கும். பழைய நரம்பிலே தட்டை நாடா சுற்றப்பட்டிருக்கும். அது வழுவழுப்பாகி, ஒலியும் கனிந்து அடங்கும். டெட்ரோயிற் நகரின் மோடவுன் இசைத்தட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 ஆம் ஆண்டுக் கருவியிலே இத்தகைய நரம்பையே பூட்டி, ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே மீட்டினார். குதிரையின் மூடியுள் பஞ்சு நுரைத் துண்டு நரம்பைத் தொட்டிருந்தமையால், ஒலி நீளாது உடனே அடங்கிற்று.

இதுகாறும் யான் மகிழ்ந்தே கேட்டேன். பின்னர் அவர் உப்புத்தாளை எடுத்து, மரத்தின் ஓரங்களைத் தேய்த்துப் பழமைத் தோற்றம் தரப்போவதாகக் கூறினார். கழற்றிய உறுப்புகளோ குப்பைக்கூடையின் அருகே கிடந்தன.

"தம்பி, முதுமை வேறு; முதுமை வேடம் வேறு" என்றேன். "உம் தந்தையார் முழங்கை உராய்ந்த தடம் இதோ இருக்கிறது. இதன் அருகே பொய்த்தடம் ஒன்று எதற்கு?"

"அது சரி, ஐயா. ஆனால் கழற்றியவை மலிவானவை. வைத்திருந்து என்ன பயன்?"

"அவற்றைப் பூட்டியவர் யார்?"

சிறிது நேரம் அவர் பேசவில்லை. "அப்பாதான்" என்றார்.

ஏடு பெயர்த்தெழுதுவோன், தனக்கு உவந்த பாடத்தை மேலே எழுதிக்கொண்டு மற்றதை எறிந்துவிடின், பின்வருவோர்க்கு எது மூலம் என்பது தெரியாது. பாடபேதத்தை அடிக்குறிப்பிலே காப்பதே பதிப்பறம். கருவிக்கும் அதுவே அறம் என்று எடுத்துரைத்தேன். அவர் உப்புத்தாளை மடித்து வைத்தார். புதிய குதிரையைப் பழைய துளைகளிலேயே பொருத்தினார். மரத்திலே புதுத்துளை ஒன்றும் இடவில்லை. கழற்றியவற்றை விசுக்கோத்துத் தகரமொன்றில் இட்டு, அளவும் தேதியும் எழுதிய தாளையும் உடன் வைத்தார்.

யாழுக்கு இத்தகைய தகரம் வாய்க்கவில்லை. 1943 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள், பாட்டிலும் உரையிலும் எஞ்சிய சொற்களைக் கொண்டே அதன் வடிவையும் சுருதியையும் பல்லாண்டு ஆராய்ந்தார். அவரது 'யாழ்நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. மறு மாதமே அடிகள் மறைந்தார். 34 அங்குலம் என்னும் ஓரளவு எழுதப்பட்டிருந்தமையால் கண்டி இளைஞர் சில நாளிலே முடித்த பணிக்கு, அளவு எழுதப்படாமையால் ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளிற் பல்லாண்டுகளை ஈந்தார்.

நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டி, மாணவர் ஒருமுறை மீட்டினார். அடுக்களையிலிருந்த அவர் அன்னையார் வந்து வாயிற்படியிலே நின்றார். ஒன்றும் கூறவில்லை, நெடுநேரம் அங்கேயே நின்றார்.

பெயரை மட்டும் காத்து அளவை இழந்தோர் நாம். இனி நம் வீட்டுப் பழங்கருவி எதுவாயினும், மாற்றுமுன் அளந்து எழுதுவோமாக. கழற்றியதைக் காத்து வைப்போமாக.