கல்வியியல் கல்லூரியில் இருவகை ஆய்வு: செயலாய்வு ஏடும் முனைவர்பட்ட ஆய்வேடும்

ஆய்வுச்சுருக்கம்

பல்கலைக்கழகக் கல்வியியல் கல்லூரிகளில் பயிற்சி ஆசிரியர்கள் எழுதும் செயலாய்வும், முனைவர்பட்ட ஆய்வாளர்கள் மேற்கொள்ளும் அளவாய்வும் ஒரே வளாகத்தில் நிகழ்கின்றன. எனினும் ஒன்றன் பயனை மற்றொன்று பெறுவதில்லை. செயலாய்வின் இயல்பையும் அதில் பரவலாகக் காணப்படும் குறைகளையும் தமிழ் எழுத்துப்பிழையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இருவகை ஆய்வும் ஒன்றையொன்று சார்ந்து வளர்வதற்கான வழிமுறைகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: செயலாய்வு, கற்பித்தல் பயிற்சி, நுண்ணிலைக் கற்பித்தல், எழுத்துப்பிழை, முனைவர்பட்ட ஆய்வு

முன்னுரை

பல்கலைக்கழகக் கல்வியியல் கல்லூரியில் பி.எட். பயிலும் பயிற்சி ஆசிரியர், எம்.எட். மாணவர், முனைவர்பட்ட ஆய்வாளர் என மூவகையினர் பயில்கின்றனர். காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் நூலகத்திலும் இவர்கள் ஒன்றாகவே காணப்படுவர். ஆயினும் ஆய்வு என்று வரும்போது ஒருவர் செய்வது மற்றவர்க்குத் தெரிவதில்லை.

1964–66ஆம் ஆண்டுகளில் செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, ஆசிரியர் கல்வி மூவகையில் தனிமைப்பட்டுக் கிடப்பதாகக் குறிப்பிட்டது. பல்கலைக்கழகத்தின் அறிவு வாழ்விலிருந்தும், பள்ளிகளின் அன்றாடச் சிக்கல்களிலிருந்தும், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றும் விலகி நிற்கின்றன என்பது அதன் கருத்து. இம்மூன்றோடு, ஒரே கல்லூரிக்குள் நிலவும் விலகலையும் சேர்த்து நோக்குதல் இன்று தேவையாகிறது.

கற்பித்தல் பயிற்சியும் அதன் பதிவேடுகளும்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பி.எட். படிப்பு ஈராண்டுப் படிப்பாயிற்று. பள்ளிசார் களப்பணிக்கு முதலாண்டில் 4 வாரமும் இரண்டாம் ஆண்டில் 16 வாரமும் ஒதுக்கப்பட்டன. களப்பணிக்குச் செல்லுமுன் பயிற்சி ஆசிரியர் நுண்ணிலைக் கற்பித்தலில் பழகுகிறார். 1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய இம்முறையின் இந்திய வடிவில் கற்பித்தலுக்கு 6 நிமிடம், பின்னூட்டத்திற்கு 6, மறுதிட்டமிடலுக்கு 12, மறுகற்பித்தலுக்கு 6, மறுபின்னூட்டத்திற்கு 6 என ஒரு சுழற்சிக்கு 36 நிமிடங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. செய்தல், குறைகாணல், திருத்தல், மீண்டும் செய்தல் என்னும் இவ்வொழுங்கே செயலாய்வின் அடிப்படையுமாகும்.

பயிற்சிக் காலத்தில் பாடத்திட்டக் குறிப்பேடு, உற்றுநோக்கல் ஏடு, தேர்வுப் பகுப்பாய்வு ஏடு, செயலாய்வு ஏடு முதலியன உருவாகின்றன. இவை அனைத்தும் அகமதிப்பீட்டுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் உரிய ஆவணங்களாக மட்டுமே கருதப்படுகின்றன. இக்கட்டுரையாளர் பி.எட். பயின்றபோது எழுதிய செயலாய்வு ஏடு, வாய்மொழித் தேர்வு முடிந்தபின் பிறருடைய ஏடுகளோடு கட்டப்பட்டு ஓர் அறையின் மூலையில் வைக்கப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் அதைத் தேடிச் சென்றபோது அக்கட்டுகள் பழைய தாளாக எடைக்குப் போடப்பட்டிருந்தன. அவ்வகுப்பு மாணவர்களின் பிழைப்பட்டியல் அந்த ஏட்டில் மட்டுமே இருந்தது. முனைவர்பட்ட ஆய்வுக்கு அதே பொருளை எடுத்துக்கொண்டபோதுதான் அவ்விழப்பின் அளவு புலனாயிற்று.

செயலாய்வு: விளக்கம்

செயலாய்வு என்னும் கருத்தாக்கத்தைக் கர்ட் லெவின் 1946இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். ஸ்டீபன் கோரி 1953இல் எழுதிய நூல்வழி அது பள்ளிக்கல்விக்குரிய முறையாக நிலைபெற்றது. தம் வகுப்பில் தாம் எதிர்கொள்ளும் சிக்கலை ஆசிரியரே வரையறுத்து, காரணம் கண்டு, தீர்வொன்றைச் செயற்படுத்தி, அதன் விளைவை மதிப்பிடுவது செயலாய்வு. பொதுமையாக்கம் அதன் நோக்கமன்று; குறிப்பிட்ட வகுப்பின் முன்னேற்றமே நோக்கம்.

முனைவர்பட்ட அளவாய்வு இதற்கு மாறானது. பல பள்ளிகளிலிருந்து மாதிரி தெரிவு செய்து, வினாநிரல் அல்லது தேர்வின்வழித் தரவு திரட்டி, சராசரி, திட்ட விலக்கம், டி-மதிப்பு ஆகியவற்றைக் கணித்து, இன்மைக் கருதுகோளை ஏற்பதோ மறுப்பதோ அதன் நடைமுறை. ஆண்–பெண், நகரம்–ஊரகம், அரசுப் பள்ளி–தனியார் பள்ளி என்னும் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு உண்டா என்பதை அது கூறும். மாணவர் எவ்வாறு பிழைசெய்கிறார் என்பதை அறிய வேறு தரவு வேண்டும்.

எடுத்துக்காட்டு: ஒரே மதிப்பெண், வேறுவேறு பிழை

ஒன்பதாம் வகுப்பில் 20 சொற்கள் கொண்ட சொல்வதெழுதுதல் தேர்வு நடைபெறுவதாகக் கொள்வோம். மூன்று மாணவர் தலா 12 மதிப்பெண் பெறுகின்றனர். அளவாய்வின் அட்டவணையில் மூவரும் ஒரே நிலையினர். விடைத்தாளைத் திருத்திய பயிற்சி ஆசிரியரின் குறிப்பேட்டில் அவர்கள் மூவேறு நிலையினர்.

முதல் மாணவரின் பிழைகள் ந, ன ஆகியவற்றில் அமைகின்றன. இன்றைய பேச்சில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கப்படுகின்றன. ஆனால் இவற்றின் வருகையிடம் தெளிவானது. சொல்லின் முதலிலும் தகர மெய்க்கு முன்னும் நகரம் வரும். பிற இடங்களில் பொதுவாக னகரம் வரும். முந்நூறு, செந்நெல் போன்ற சொற்களை மூன்று + நூறு, செம்மை + நெல் எனப் பிரித்துக் காட்டினால் அங்கும் நகரம் வருஞ்சொல்லின் முதலெழுத்தாலாயது என்பது விளங்கும். இம்மாணவர்க்கு வேண்டுவது இடவிதி.

இரண்டாம் மாணவர் ழகர, ளகரங்களை மயக்குகிறார். அவருடைய வீட்டுப் பேச்சில் பழம் ‘பளம்’ என ஒலிக்கிறது. இப்பிழை நாவிலிருந்து கைக்கு வந்தது. ஒலிப்புப் பயிற்சியும், ‘வாழை–வாளை’, ‘விழி–விளி’ போன்ற சொல்லிணைகளைக் கேட்டு வேறுபடுத்தும் பயிற்சியும் இவர்க்கு உரியவை.

மூன்றாம் மாணவரின் பிழைகள் ர, ற ஆகியவற்றைச் சார்ந்தவை. ரகரம் நுனிநா அண்ணத்தை வருடப் பிறப்பது என்றும், றகரம் ஒற்றப் பிறப்பது என்றும் தொல்காப்பியம் பிறப்பியல் வேறுபடுத்துகிறது. இற்றைப் பேச்சுவழக்குகள் பலவற்றில் உயிர்களுக்கிடையே இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஆசிரியர் எத்துணை முறை ஒலித்துக் காட்டினும், தம் காதுக்குப் பழகாத வேறுபாட்டை மாணவர் எளிதில் உணர்வதில்லை. ‘அரம்–அறம்’, ‘கரி–கறி’ போன்றவற்றைப் பொருளோடு கண்ணால் பழகுவதும், ரகர மெய் இரட்டிக்காது, றகர மெய்யையடுத்து வல்லின மெய் இரட்டித்து வாராது என்னும் விதிகளை அறிவதும் இவர்க்குப் பயன்படும். ‘முயற்ச்சி’ எனும் பிழை இரண்டாம் விதியால் நீங்கும்.

மூவர்க்கும் ஒரே குறைதீர் பயிற்சி அளித்தால் அது ஒருவர்க்கே பயன்படலாம். வகுப்பின் சராசரி சிறிதளவே உயரும்; பயிற்சி பயனற்றது என்னும் தவறான முடிவு பெறப்படும். பிழையின் வகையை அறியாது கணிக்கப்படும் டி-மதிப்பு, கணக்கில் சரியாயிருந்தும் கற்பித்தலுக்கு வழிகாட்டாமற் போவது இவ்வாறுதான்.

செயலாய்வு ஏடுகளின் குறைபாடுகள்

இதனால் செயலாய்வு ஏடுகள் அனைத்தும் அவ்வாறே ஏற்கத்தக்கவை என்பது பொருளன்று. அவற்றில் மூன்று குறைகள் மிகுதி. முதலாவது, முன்தேர்விலும் பின்தேர்விலும் அதே சொற்களை வைப்பது. இதனால் மாணவர் விதியைக் கற்றாரா, சொல்லை மனனம் செய்தாரா என்பது தெரிவதில்லை. அதே வகையைச் சார்ந்த புதிய சொற்களைப் பின்தேர்வில் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, பயிற்சி முடிந்த மறுநாளே பின்தேர்வு நடத்துவது. சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு தேர்வு வைத்தாலன்றிக் கற்றது நிலைத்ததா என அறியவியலாது. மூன்றாவது, ஒவ்வோர் ஏடும் வெற்றியையே முடிவாகக் கூறுவது. தோல்வியைப் பதிவுசெய்தால் மதிப்பெண் குறையும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். பயன்தராத முயற்சியை நேர்மையாக எழுதிய ஏட்டிற்கும் உரிய மதிப்பெண் உண்டு என வழிகாட்டும் பேராசிரியர் பயிற்சியின் தொடக்கத்திலேயே அறிவித்தல் நலம்.

இணைப்புக்குரிய வழிமுறைகள்

1. தொகுப்பகம்: செயலாய்வு ஏடுகளைச் சிக்கல், வகுப்பு, பாடம், வட்டாரம் என வகைப்படுத்திக் கல்லூரி நூலகத்தில் மின்னுருவில் பேணலாம். மாணவர் பெயருக்கு மாற்றாக எண் இடுதலும், பள்ளித் தலைமையாசிரியரின் இசைவைப் பெறுதலும் இன்றியமையாதவை.

2. வழித்துணை: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர்பட்ட நெறிமுறைகள், ஆய்வாளர்க்கு வாரம் 4 முதல் 6 மணிநேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிப்பணி வழங்க இடமளிக்கின்றன. இந்நேரத்தின் ஒரு பகுதியைப் பயிற்சி ஆசிரியரின் செயலாய்வுக்குத் துணைநிற்கப் பயன்படுத்தலாம். தேர்வுக்கருவி அமைத்தலை ஆய்வாளர் கற்பிப்பார். வகுப்பறையின் இன்றைய நிலையைப் பயிற்சி ஆசிரியரிடமிருந்து அவர் கற்பார்.

3. கருதுகோள் உருவாக்கம்: பல ஏடுகளில் மீண்டும் மீண்டும் தோன்றும் சிக்கலே அளவாய்வுக்குரிய தலைப்பாகலாம். தனியொரு வகுப்பில் கண்டதை அளவாய்வு பரந்த களத்தில் சோதித்தறியும். வட்டாரந்தோறும் பேச்சு வேறுபடுவதால், எழுத்துப்பிழை போன்ற பொருளுக்கு இது மிகவும் தேவை.

4. உரிமை ஏற்பு: பயிற்சி ஆசிரியர் திரட்டிய தரவைப் பயன்படுத்தும் ஆய்வாளர், அவருடைய இசைவைப் பெற்று, ஆய்வேட்டில் அவர் பங்களிப்பைக் குறிப்பிடுதல் கடமையாகும். இது பேணப்படாவிடில் வழித்துணை என்னும் பெயரால் உழைப்புச் சுரண்டல் நிகழக்கூடும்.

தொகுப்புரை

செயலாய்வு பிழையின் இயல்பை அருகிருந்து காண்கிறது. அதன் களம் குறுகியது. அளவாய்வு பரந்த களத்தைக் காண்கிறது. பிழையின் இயல்பு அதன் மொத்த மதிப்பெண்ணுள் மறைந்துவிடுகிறது. ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவுசெய்ய வல்லது. இதற்குப் புதிய கட்டடமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்த செயலாய்வு ஏடுகளை எடைக்குப் போடாமல் நூலகத்தில் சேர்ப்பது முதற்படி. அவற்றைப் படித்தறிந்தபின் ஆய்வுத் தலைப்பைத் தெரிவுசெய்யும் வழக்கம் முனைவர்பட்ட ஆய்வாளரிடையே ஏற்பட்டால், கல்வியியல் ஆய்வு பள்ளி மாணவரின் விடைத்தாளிலிருந்து தொடங்கும்.